வெப்கேஸர்: நழுவும் புள்ளி

நிரலைப் படிக்கும்போது கண் எங்கெங்கே போகிறது என்று ஆராயப் புறப்படும் மாணவருக்கு முதல் தடை பணம். அகச்சிவப்பு ஒளியால் விழியைத் தொடரும் ஆய்வகக் கருவி சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ படிக்கிற ஒருவரின் கைக்கு எளிதில் எட்டாது. அதனாலேயே பிரௌன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளிவந்த வெப்கேஸர் என்ற விழித்தொடர் மென்பொருளை மனதார வரவேற்கிறேன். மடிக்கணினியின் கேமராவும் உலாவியும் போதும், காசு வேண்டாம். ஆனால் பார்வையைக் காட்டும் புள்ளி நழுவுகிற ஒரு குறை, அதன் மற்ற நிறைகளையெல்லாம் மறைத்துவிடுகிறது.

திரைக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 1 பாகைப் பிழை என்பது ஏறக்குறைய 1 செ.மீ. வெளியான சோதனைகளில் வெப்கேஸரின் பிழை 4 பாகையை ஒட்டி வந்திருக்கிறது. நிரலின் ஒரு வரியோ அரை செ.மீ. உயரம்தான். கண் பத்தாவது வரியில் இருக்க, புள்ளி பதினெட்டில் நிற்கும். அங்கே இருப்பது வேறொரு சுழற்சி. கிளிக் செய்யும் இடத்தைக் கண்ணும் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வெப்கேஸர் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் நிரல் வாசிப்பவரின் கை மவுஸை விட்டு மோவாயைத் தாங்கியிருக்கும். போதாததற்கு, தாமான் வீட்டுச் சன்னல் வெளிச்சத்தில் அளவு சரிசெய்த பிறகு ஜெராய் மலைப் பக்கம் மழை கறுத்தால், கேமரா காணும் முகமே வேறு.

நழுவலைப் பிறகு கணக்குப் போட்டுத் திருத்தலாமே என்பார்கள். அப்படித் திருத்தும் வழிமுறைகள் பெரும்பாலும் உரைநடைக்காகச் செய்யப்பட்டவை. கண் மேலிருந்து கீழே வரிவரியாகப் போகும் என்று நம்புபவை. நிரலை முழுக்க அப்படி யாரும் படிப்பதில்லை. புஸ்யானும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களே உரைநடையைவிட நிரலை வரிசை குலைத்துத்தான் படித்தார்கள். தேர்ந்தவர்கள் அதைவிடவும் தாவினார்கள். அந்தத் தாவலை வரிசைப்படுத்தினால் ஆராய வந்த பொருளையே அழித்ததாகும். விலையுயர்ந்த கருவியிலும் அரைப் பாகைப் பிழை உண்டே என்பதும் சரிதான். ஆனால் அது ஒரு வரி அளவு. வரிகளை அகலப் பரப்பினால் தீர்ந்துவிடும். வெப்கேஸரிலோ எட்டு வரி. மாறியின் பெயரில் அடிக்கோடு வேண்டுமா என்று 2010இல் போனிட்டா ஷரீஃபும் ஜொனாதன் மலெடிக்கும் ஆராய்ந்ததுபோல் சொல்லளவில் பார்க்க வெப்கேஸர் உதவாது. ஆனால் செயற்கூற்றை ஒரு மூலையிலும் அதை அழைக்கும் இடத்தை எதிர்மூலையிலும் வைத்து, எது முதலில் கண்ணில் படுகிறது என்று கேட்டால் நம்பலாம். ஒவ்வொரு கேள்விக்கும் இடையே சில கிளிக்குகள் வைக்க வேண்டும். முடிவில், தொடக்கத்தில் அளவு சரிசெய்யக் காட்டிய புள்ளிகளையே மீண்டும் காட்டிப் பிழையை அளந்து, அந்த எண்ணையும் ஆய்வேட்டில் அச்சிட வேண்டும்.