கும்கி கேட்கும் கூடம்

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை அடித்து, இடக்கையின் அடிப்பாகத்தை அழுத்தி வழுக்கும்போது ஒரு கும்கி எழும். தாழத் தொடங்கி மேலேறும் அந்தக் குழைவு கேட்கிறதா என்பதுதான் எந்த ஸ்பீக்கருக்கும் நான் வைக்கும் முதல் பரீட்சை. வெறும் ‘தும்’ போதாது. சத்தத்தைக் கூட்டினால் குழைவு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் உள்ளதும் போய்விடும்.

காரணம் வூஃபரின் உடலிலேயே இருக்கிறது. காந்தத்தின் குறுகிய இடுக்கில் எதையும் உரசாமல் மிதக்கும் செம்புக் காயில்தான் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர, கூம்பு நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும்: 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 40-இல் நான்கு. பேஸ் குமிழில் 10 டெசிபல் ஏற்றினால் அந்த ஒலிக்குப் பத்து மடங்கு மின்திறன் போகிறது. எல்லை மீறினால் காயில் பின்தகட்டில் மோதி ‘டக்’ என்னும். அதைக் கேட்ட கணமே ஒலியைக் குறைத்துவிட வேண்டும். பேஸ் போதவில்லையா, முதலில் பெட்டியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். கூம்புக்குக் கூடுதல் சுமையே இல்லாமல் தாழ்ஒலி கனக்கும்.

நான் மூடிய பெட்டியின் ரசிகன். 1954-இல் எட்கர் வில்சர் தன் ஏஆர்-1 ஸ்பீக்கரில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார். எத்தனை அழகான யோசனை! துளையுள்ள பெட்டியில், துளை இசைந்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் கூம்பின்மேல் காற்றுக்குள்ள அந்தப் பிடி விட்டுப்போகும். இசைத்தட்டு கேட்பவர்கள் இதை நேரில் பார்க்கலாம். லேசாக வளைந்த தட்டு சுற்றும்போது, சத்தமே இல்லாமல் கூம்பு மூச்சு வாங்குவதுபோல் உப்பி அமுங்கும். காதுக்கு எட்டாத அந்த அசைவு காயிலின் இடத்தைத் தின்றுவிடும். கும்கிக்கு மிச்சம் இருக்காது. ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

சின்ன ஆம்ப்ளிஃபயர்தான் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. 20 வாட்டைக் கடைசிவரை முறுக்கினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும், காயில் சூடேறும். பெரும்பாலும் ட்வீட்டர்தான் முதலில் கருகும். 100 வாட்டை நிதானமாக வைத்துக் கேட்பது மேல்.

பழைய ஜோடி வாங்குகிறவர்கள் கூம்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய ஒன்றில் ஃபோம் விளிம்பு விபூதிபோல் உதிர்ந்தது. ரப்பர் விளிம்பு நம் கடற்கரை ஈரத்திலும் நெடுநாள் தாங்கும்.

இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு தனி ஆவர்த்தனம் போடுவேன். கூம்பு அசைவதே கண்ணுக்குத் தெரியாது. தொப்பியின் ரவைப் பசைக்குக் கீழே தோல் அதிர்ந்து, கும்கி மெல்ல மேலேறிப் போகும்.