கடகமும் கலையழகும்

கைவினையைப் போற்றுவோர் பொருளின் அழகைப் பேசுவர். அதனைச் செய்த கையின் நிலையைப் பேசார். இக்குறைபாட்டை ஆராயப் புகும் நாம் ஆனந்த குமாரசுவாமியிடமிருந்து தொடங்குதல் பொருந்தும்.

1908இல் வெளிவந்த அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல், அந்நிய ஆட்சியில் இந்நாட்டுக் கைவினைகள் நலிந்தமையை எடுத்துக்காட்டிய பெருமுயற்சியாகும். அப்பணியை நாம் மதிக்கின்றோம். ஆயின், பிறப்பினால் தொழிலை வகுத்த பழைய சமுதாய அமைப்பையே கலையின் காவலாக அவர் கண்டார். அவரைக் கவர்ந்த ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸோ 1883இல் சோஷலிஸ இயக்கத்திற் சேர்ந்தவர். உழைப்பவன் விடுதலை பெறாமல் கலை தழைக்காது என்பது அவரது துணிபு.

குமாரசுவாமி ஆராய்ந்தவை கண்டிப் பிரதேசக் கலைகள். எமக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணத்துப் பனையோலைத் தொழிலிலும் இதே வினா எழுகின்றது. எமது பாட்டிமார் காலத்தில் கடகம், பெட்டி, சுளகு, பாய், நீத்துப்பெட்டி ஆகியன இன்றி வீடில்லை. துலாவிற் கட்டி நீரிறைத்த பட்டையும் ஓலையாலானதே. அப்பொருள்களின் உறுதியும் வடிவும் தேவையினின்று பிறந்தவை. ஆனால் அவற்றுக்கு ஓலை தந்த மரத்தில் ஏறியவர்கள் கோயில் வாசலில் மறிக்கப்பட்டனர். 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டத்தை மறந்துவிட்டு அக்காலத்தைப் பொற்காலம் என்பது நேர்மையாகாது.

அடுத்த தலைமுறையில் நீரிறைக்கும் இயந்திரம் பட்டையை அகற்றியது. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் பெருகிய பிளாஸ்டிக் கூடை கடகத்தின் இடத்தைப் பிடித்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. இன்று சாயமூட்டிய ஓலையில் கைப்பையும் தொப்பியும் பின்னப்படுகின்றன. வீட்டுத் தேவைக்குப் பிறந்த பொருள், உல்லாசப் பிரயாணியினதும் புலம்பெயர்ந்தோரினதும் நினைவுச்சின்னமாகி வருகின்றது.

இம்மாற்றத்தை நாம் இழப்பென்று மட்டும் கொள்ளோம். சாதிக் கடமையாகத் தொழில் செய்வதிலும் சந்தைக்குச் செய்வது ஒருபடி முன்னேற்றமே. ஆயினும் திண்ணையில் தனித்திருந்து பின்னும் பெண்ணுக்குப் பேரம் பேசும் பலம் ஏது? கள்ளிறக்கும் தொழிலாளர் 1970களிற் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்தனர். பின்னும் பெண்களும் அவ்வாறு திரண்டு தம் பொருளின் விலையைத் தாமே நிர்ணயித்தல் வேண்டும்.

தான் பின்னிய கடகத்தின் விலையைத் தானே சொல்லும் உரிமை அதனைப் பின்னியவளுக்கு வரும் நாளிலேதான் அதன் அழகைப் பாடும் உரிமை எமக்கு வரும்.