மூன்று நாள் கெடு

1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழாக்கம் பெற்ற அப்துல் கலாமின் தன்வரலாற்றில், மேடைதோறும் எடுத்தாளப்படும் பகுதி ஒன்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற காலத்தில், தாழப் பறந்து தாக்கும் போர் விமானத்தை வடிவமைக்கும் பணி அவருக்கும் தோழர் நால்வருக்கும் தரப்பட்டது. வேலை மந்தமாகவே, பேராசிரியர் சீனிவாசன் சினந்தார். ஒரு மாதம் கேட்டவருக்கு மூன்றே நாள் தந்தார். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிடில் உதவிப்பணம் நிறுத்தப்படும் என்றார். இரவுபகலாக உழைத்துக் கலாம் பணியை முடித்தார்.

‘அச்சுறுத்தினால் அறிவு பிறக்கும்’ என்பதே இதனின்று பலர் காணும் முடிபு. நூலை முழுதும் பயின்றார்க்கு இம்முடிபு பொருந்தாமை புலப்படும். கல்லூரியிற் சேரும் பணத்துக்காகத் தமக்கை சோரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த செய்தி அந்நூலிலேயே உள்ளது. அதனோடு சேர்த்துப் படித்தாலன்றோ உதவிப்பணம் நிற்கும் என்ற சொல்லின் கனம் விளங்கும்! வசதியுள்ளவனுக்கு அது வெறும் கண்டிப்பு. வறியவனுக்கோ வாழ்வே அறுந்துபோகும் பேச்சு.

ஆகவே, கதையின் உயிர் கெடுவில் இல்லை. ஞாயிறு காலை, டென்னிஸ் உடையோடே அறைக்கு வந்த பேராசிரியர், முடியுந் தறுவாயிலிருந்த வரைபடத்தை ஆராய்ந்து மாணவரைத் தழுவிக்கொண்டாரே, அங்கேதான் உள்ளது. கெடு முடியும்வரை காத்திராமல் இடையே வந்து பார்த்ததே ஆசிரியம்.

2016இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாடமும் இந்நெறியினதே. பாதுகாப்புத் துறையின் மெய்யான சிக்கல்களை மாணவர் எடுத்துக்கொள்கின்றனர்; அவற்றால் இடர்ப்படுவோரை வாரந்தோறும் கேட்கின்றனர்; எளிய மாதிரிகளைச் செய்து காட்டிக் குறை திருத்துகின்றனர். அங்கே விரைவு என்பது அவசரம் அன்று. பிழையை முந்திக் காண்பது.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் கலாம் கூறும் நிகழ்ச்சியிலும் குறை உண்டு. விமானத்தை ஓட்டப்போகும் வீரனை எவரும் கேட்டதாக அதில் இல்லை. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்ட தோழர்களும் சுருங்கி மறைகின்றனர்.

ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்தும், அவற்றின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. அங்கே அட்டையும் கம்பியும் கொண்டு அறிவியல் மாதிரி செய்யும் பிள்ளைக்கு இக்கதை சொல்லும் ஆசிரியர், கெடுவோடு நிறுத்தலாகாது. ஞாயிற்றுக்கிழமை வருகையையும் சொல்லுதல் வேண்டும். சொல்வதோடு அமையாது, அவ்வாறு தாமும் சென்று பார்த்தல் வேண்டும்.