தறிக்குழியும் தண்ணிக்குழம்பும்

திருவண்ணாமலை உச்சியில் மகாதீபம் 11 நாள் எரியும். அது முடிகிறவரை ஆரணியில் எங்கள் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறாது. அதற்குள் மழை ஓய்ந்து, விடியற்காலையில் பனி இறங்க ஆரம்பித்திருக்கும். அப்புறம் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, வருஷம் பூரா நான் காத்துக் கிடப்பது அதற்குத்தான்! அன்றைக்கு நாட்டுக்கோழியில் காய்கறி போட்ட தண்ணிக்குழம்பு.

எங்களுடையது குழித்தறி. காலை இறக்கி மிதி மிதிக்கிற குழி, இந்த நாட்களில் ஈரம் கோத்துச் சில்லென்று கிடக்கும். கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. என் வீட்டுக்காரர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து நான் நாடா தள்ள வேண்டும். ரெண்டு பேரும் தறியில் இருந்தால் அடுப்பை யார் பார்ப்பது? அந்தக் கவலையே இந்தக் குழம்புக்கு வேண்டாம். விறகை இழுத்துவிட்டால் தணலில் ஒன்றரை மணி நேரம் அது பாட்டுக்கு வேகும்.

மல்லாட்டை எண்ணெயைக் காயவைத்து, சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு கை சின்ன வெங்காயம், இடித்த இஞ்சி பூண்டு. மஞ்சள் பூசி வாட்டிக் கழுவிய கோழியை, எலும்போடு, அதில் போட்டுத் தண்ணீர் விடும்வரை புரட்டுவேன். மிளகு, தனியா, சீரகத்தை வறுத்து அம்மியில் அரைத்தது மேலே. கல்யாணமான புதிதில் நான் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றியதைப் பார்த்து அத்தை சொன்னார்: “தாராளமா ஊத்தும்மா. எலும்புல இருக்கிறதெல்லாம் அதுலதான் எறங்கணும்.”

எத்தனை சரி! கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் மேலிருக்கிற பிசின் கரைந்து, உள்ளிருக்கும் மினுமினுப்பு வெளியே வரும். கோழிக்காலின் ஜவ்வும் அப்படித்தான், நிதானமான சூட்டில் கரைகிறது. பட்டில் அந்தப் பிசின் தண்ணீரை வெளியே கொட்டிவிடுவோம். இங்கே அதுதான் ருசியே. குழம்பு தண்ணியாகத்தான் இருக்கும், ஆனால் உதட்டில் லேசாக ஒட்டும். குக்கரில் நாலு விசில் விட்டு இந்தப் பதத்தை வாங்கவே முடியாது.

கறி முக்கால் பதம் வந்ததும் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும். பத்து நிமிஷம் கழித்து முருங்கைக்காய். கடைசியாக, நான்காகக் கீறிய முள்ளுக் கத்தரிக்காய்! வேலூர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற ரகம், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பெல்லாம் முள். அதை நறுக்குவது அத்தை மட்டும்தான். என் விரலில் ஒரு கீறல் விழுந்தாலும் பட்டு இழை அதில் மாட்டிக்கொள்ளும் என்று கத்தியை என் கையில் கொடுக்கவே மாட்டார். வெந்தபின் அந்தக் காயின் சதை வெண்ணெய் மாதிரி குழைந்து, மிளகுக் காரத்தை அப்படியே குடித்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், கறியைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.

நம் மிளகுத்தண்ணிதான் வெள்ளைக்காரர் வாயில் முல்லிகடானி ஆகிச் சீமைவரை போனது. அந்தச் சூப்பை நான் குடித்ததில்லை. இந்தச் சட்டி இருக்கும்போது அதைத் தேடவும் தோன்றவில்லை.

சோற்றுக்கு ஆரணிப் பொன்னி போதும். ஆனால் பனிக்காலத்துக்கு என் ஓட்டு கேழ்வரகுக் களிக்குத்தான். சுடச்சுட உருண்டை, நடுவில் குழி, அதில் இரண்டு கரண்டி குழம்பு. ஓரத்திலிருந்து கிள்ளி, தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மிளகு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் பரவி, குழிக்குள் விறைத்துப்போன பாதம்வரை சூடு போய்ச் சேரும்.

போன ஞாயிறு கத்தரிக்காயைப் போட்டு மூடிவிட்டுத் தறிக்குத் திரும்பினேன். வாசனை எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. மிதிமேல் காலை வைத்தபடி அவர் கேட்டார், “களி கிண்டியாச்சா?”