தனிவழிப் பயணியும் தேரிக்காட்டு ஊர்களும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. ஜான் பன்யனிடமிருந்து அது எவ்வளவு பெற்றது என்பது ஒன்று. கம்பனிடமிருந்து எவ்வளவு பெற்றது என்பது மற்றொன்று. ஒப்பிலக்கிய நோக்கில் இவை தேவையான வினாக்களே. ஆயினும் 1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம், மதமாற்றம் என்னும் நிகழ்வு திருநெல்வேலியில் பெருமளவில் நடந்தேறிய நூற்றாண்டிலேயே அங்குப் பிறந்தது. அது பாடுவது யாருடைய மதமாற்றத்தை என்ற வினா ஏனோ போதிய அளவு எழுப்பப்படவில்லை.

கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தை இளமையிலேயே ஆழக் கற்றவர். சாயர்புரத்தில் மிஷன் கல்விநிலையத்தின் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவர் கிறிஸ்தவரல்லர். அவருடைய தம்பி முத்தையா பிள்ளை முதலில் அந்நெறியை ஏற்றார். 1858இல் சென்னையில் கிருஷ்ணபிள்ளையும் திருமுழுக்குப் பெற்றார். நூற்பயிற்சி, நண்பரோடு உரையாடல், உள்ளத்துப் போராட்டம், உறவினரின் வருத்தம் என்ற வழியில் அமைந்த மாற்றம் இது. இத்தகைய ஒருவருக்குப் பன்யனின் பயணி நெருக்கமானவனாகத் தோன்றியதில் வியப்பில்லை. மனைவியும் மக்களும் திரும்ப அழைக்கையில் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் அல்லவா அவன்!

காப்பியத்தின் தனிச்சிறப்பு பன்யனைத் தமிழாக்கியதில் இல்லை என்பது என் கருத்து. ஐந்து பருவங்களுள் குமார பருவத்தில் இடம்பெறும் இரட்சணிய சரித படலமே அதற்குச் சான்று. பன்யனின் கதையில் சிலுவையைக் கண்ட அளவில் பயணியின் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. நிகழ்ச்சி சில வரிகளில் முடிகிறது. கிறிஸ்துவின் பாடுகளை அங்கே அவர் கதையாக விரித்துரைப்பதில்லை. கிருஷ்ணபிள்ளையோ அவற்றை விரிவாகப் பாடுகிறார். தலைவனின் துயரத்தில் கேட்போர் உருக வேண்டும் என்ற காப்பிய மரபு இங்கே உருவகக் கதையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இடையிடையே வரும் இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டதும் இப்போக்கினதே. நெறி மாறியவர் மொழியின் வழிபாட்டு நினைவை விட்டுக்கொடுக்கவில்லை. அதை உடன்கொண்டே சென்றார்.

இந்த உயரத்தை ஒப்புக்கொண்ட பின்னரே அதன் எல்லையைப் பேச முடியும். தாமிரபரணிப் பாசனத்து நன்செய் நிலமும் தெற்கே செம்மணல் தேரியும் பனங்காடும் ஒரே மாவட்டத்தின் இருவேறு உலகங்கள். கிறிஸ்தவம் பெரிதும் பரவியது இரண்டாவது உலகில்தான்; அங்கே அது ஒருவர் தனித்துச் செய்த முடிவாக அன்றி, குடும்பங்களும் சில வேளைகளில் ஊர்களும் சேர்ந்து செய்த முடிவாக இருந்தது. துன்புறுத்தலுக்கு உள்ளான சிறு கூட்டத்தார் 1799இல் தனியே நிலம் பெற்றுக் குடியேறிய ஊர் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் காலத்தில், சமயம் மாறியோர் குடியிருக்க நிலம் வாங்கும் பொருட்டே 1830இல் தரும சங்கம் தோன்றியது. மாற்றத்தை எதிர்த்தவர்களும் கூட்டமாகவே எதிர்த்தனர்: விபூதி சங்கம் என்ற பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது, 1845இல் நல்லூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்கள் தாக்குதலுக்கு ஆளாயின. நிலம், வரி, ஆதிக்கம், காவல், தன்மதிப்பு ஆகிய யாவும் இம்முடிவுகளில் கலந்திருந்தன. அக்கலப்பைக் காரணம் காட்டி அவற்றைப் போலி என ஒதுக்கும் எழுத்து இன்றும் உண்டு. ஒடுக்கப்பட்டவன் மதிப்பை நாடுவதைச் சமயத்துக்குப் புறம்பானது என்று கொள்ளும் அளவுகோல் யாருடையது என்பதை அவ்வெழுத்து சொல்வதில்லை.

பனங்காட்டிலிருந்து மறுமொழி எழாமலும் இல்லை. சாயர்புரத்தில் பயின்ற அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு முரண்பட்டுப் பணியிழந்தவர். நாடார் சமூகத்தைத் தாழ்த்திக் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலைக் கடுமையாக எதிர்த்தவர். 1857இல் பிரகாசபுரத்தில் அவர் தொடங்கிய சபை, ஐரோப்பியரின் மேலாண்மையை மறுத்தது; ஆனால் வேதத்தை மறுக்கவில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, மிஷனரிகளைக் காட்டிலும் பழைய ஏற்பாட்டுக்குத் தாமே நெருக்கமானவர் என அது காட்டிக்கொண்டது. மதமாற்ற முயற்சிக்கு இசைவு, எதிர்ப்பு என்ற இரண்டே எதிர்வினைகளை வைத்து எழுதப்படும் வரலாற்றில் சட்டாம்பிள்ளைக்கு இடமில்லை. இலக்கிய வரலாற்றிலும் அவருக்கு இடம் அரிதே.

இச்சாய்வு ஒரு நூலோடு முடிவதன்று. பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915இல் எழுதிய கிளாரிந்தா என்னும் ஆங்கில நாவலும், 1778இல் பாளையங்கோட்டையில் திருமுழுக்குப் பெற்ற பிராமணக் கைம்பெண் ஒருவரையே நாயகியாகக் கொண்டது. அவ்வூர்ச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தோர் 40 பேர். மற்ற 39 பேருக்கும் புனைவில் முகம் கிட்டவில்லை. தனியொருவரின் அகப்போராட்டமே இலக்கியத்துக்கு உகந்த மதமாற்றம் என்ற எண்ணத்தை நாம் ஆராயாமலே ஏற்றிருக்கிறோம்.

ஆன்ம உருவகக் காப்பியத்தில் நிலவுடைமைச் சிக்கலைத் தேடுவது முறையா எனக் கேட்கலாம். கிருஷ்ணபிள்ளையிடம் அதைத் தேடுவது முறையன்றுதான். அவர் தம் வாழ்வில் அறிந்ததைப் பாடினார். குறை, அந்நூலைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் ஒரே இலக்கியக் குரலாக நிறுத்திய நம் திறனாய்வினுடையது. பன்யனே இதற்கு ஒரு திறவுகோலை வைத்திருக்கிறார். 1684இல் அவர் எழுதிய இரண்டாம் பாகத்தில் கைவிடப்பட்ட மனைவி பிள்ளைகளோடும் அண்டைவீட்டுப் பெண்ணோடும் புறப்படுகிறாள். போகும் வழியில் முதியோரும் ஊன்றுகோல் ஊன்றியோரும் சேர்ந்துகொள்கின்றனர். மெலிந்தவரின் நடைக்கேற்பக் கூட்டம் மெல்ல நகர்கிறது. தேரிக்காட்டு ஊர்களின் பயணத்தை ஒத்தது அப்பாகமே. இரட்சணிய யாத்திரிகம் தழுவியதோ முதற்பாகத்தை.