கண்டெடுத்ததும் செய்ததும்

அசுரனைக் கொன்றால் வாள் விழுகிறது. விழுந்த வாள் எப்படிப்பட்டது என்பதைக் கம்ப்யூட்டர் பகடை உருட்டித் தீர்மானிக்கிறது. டயாப்லோ வகை விளையாட்டுகளைப் பற்றி இவ்வளவு தெரிந்ததுமே 'சூதாட்டம்' என்று முடிவுகட்டி நகர்ந்துவிடும் இலக்கிய நண்பர்கள் உண்டு. ஆடுகிறவர்களின் பேச்சோ எது கிடைத்தது, என்ன விலை போகும் என்பதைத் தாண்டுவதில்லை. இரு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது. கிடைத்த பொருளின் மேல் ஆடுகிறவன் கைவைத்து அதை மாற்ற முற்படும்போது அவன் எதையாவது செய்கிறானா, அல்லது பகடையை இன்னொரு தடவை உருட்டுகிறானா?

1996 முடிந்து 1997 பிறக்கிற நேரத்தில் வந்த முதல் டயாப்லோவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மந்திரப் பொருளின் பெயருக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஒரு குணம். பெயரைப் படித்தாலே பொருள் தெரிந்துவிடும். சின்னப் பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணற்ற வாள்கள் பிறந்தன. (நம் கவிதைகளில் சில இந்த முறையிலேயே படிமம் சேர்க்கின்றன என்பது வேறு விஷயம்.) அங்கே ஆடுகிறவன் பெரும்பாலும் பொறுக்குகிறவன். விளையாட்டும் அவனை வேறு எதுவாகவும் பாவனை செய்யவில்லை.

இரண்டாம் டயாப்லோவுக்கு 2001-ல் வந்த இணைப்பில் ரூன் கற்கள் நுழைந்தன. ஜா, இத், பெர் என்ற மூன்று கற்களை அதே வரிசையில், மூன்று துளையுள்ள மார்புக் கவசத்தில் பதித்தால் 'எனிக்மா' உண்டாகும். வரிசை பிசகினால் சொல் பிறக்காது, கற்களும் வீண். இதில் என்னைக் கவர்ந்தது ஒரு நிபந்தனை: கவசத்தில் முன்பே எந்த மந்திரமும் இருக்கக்கூடாது. யாரும் குனிந்துகூட எடுக்காத வெற்றுக் கவசம்தான் வேண்டும். அருமையான கற்பனை. ஆனால் செய்தல் என்று பார்த்தால், இது பிறர் எழுதிய சமையல் குறிப்பை நிறைவேற்றுவதுதான். ஜா கல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கிடைத்தபின் செய்யும் காரியத்தில் சில எண்கள் கொஞ்சம் ஏறி இறங்குவதைத் தவிர எதுவும் நேராது.

2013-ல் வந்த பாத் ஆஃப் எக்ஸைலிடம்தான் கேள்வி கூர்மையடைகிறது. நியூஸிலாந்துக்காரர்கள் செய்தது. வரும்போது அதில் தங்கக் காசே கிடையாது. பலவகை உருண்டைகள்தான் பணம். ஒவ்வொரு உருண்டையும் பொருளை ஏதோ ஒரு விதத்தில் மாற்றும், மாற்றியதும் மறைந்துபோகும். நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிற எனக்கு இது லேசில் விளங்கவில்லை. எங்கள் நோட்டால் வாங்கத்தான் முடியும். இங்கே பணம் உளியாகவும் இருக்கிறது, செதுக்கும்போதே தேய்ந்துவிடுகிறது. அதனாலேயே மதிப்பு நிற்கிறது. டயாப்லோ இரண்டில் தங்கம் மதிப்பிழந்து, ஆடுகிறவர்கள் 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரத்தைப் பணமாக்கி, பிறகு அதையும் கள்ளப் பிரதி எடுத்துக் குவித்த கதையோடு இதை ஒப்பிட வேண்டும்.

பொருளாதாரமாக இது மேதைமை. சிருஷ்டியாக? கேயாஸ் உருண்டையைப் போட்டால் அரிய கவசத்தின் குணங்கள், அதிகபட்சம் ஆறு, மொத்தமும் அழிந்து புதிதாக உருள்கின்றன. முந்தையதின் சுவடு மிஞ்சாது. ஆயிரமாவது உருண்டை முதல் உருண்டையைவிட எதையும் கூடுதலாக அறிந்திருப்பதில்லை. பொருளுக்கு ஞாபகம் இல்லாத இடத்தில் செய்தல் நடக்க முடியாது. எத்தனை உருண்டை போட்டாலும் அது மாறுவேடமிட்ட கண்டெடுத்தல்தான். எக்ஸால்டட் உருண்டை வேறு ஜாதி. இருக்கிற குணங்களோடு ஒன்றைச் சேர்க்கிறது. இருப்பவை நல்லவை என்று நான் தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானத்தின் மேல் பணயம் வைக்கிறேன். தவறான ஆறாவது வந்து உட்கார்ந்தால் அது என் கவசத்தில் இருக்கும். 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் பாகத்தில் கேயாஸ் உருண்டை ஒரு குணத்தை நீக்கி வேறொன்றை வைப்பதோடு நின்றுகொள்கிறது. ஆசிரியர்களுக்கே விஷயம் உறைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

டயாப்லோ மூன்றை (2012) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிஜப் பணத்துக்கும் பொருள் விற்கும் ஏலச்சந்தையை விளையாட்டுக்குள்ளேயே திறந்தார்கள். அது விளையாட்டின் ஆதார அனுபவத்தையே அரிக்கிறது என்று தாங்களே சொல்லி, 2014 மார்ச் 18 அன்று மூடினார்கள்.

2024-ல் முழுமை பெற்று வந்த லாஸ்ட் எபோக் இவற்றில் புகழ் குறைந்தது. இந்த ஒரு விஷயத்தில் எல்லாவற்றையும்விட யோசித்தது. மாற்றத்தக்க ஒவ்வொரு பொருளும் ஓர் எண்ணோடு விழுகிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அந்த எண் கொஞ்சம் கரைகிறது. எவ்வளவு கரையும் என்பதில் பகடை. எண் தீர்ந்தால் பொருள் அப்படியே நின்றுவிடும். குறையோடு நிற்கலாம், ஆனால் அணிந்துகொள்ளலாம். முன்பு பொருள் முறிந்துபோகும் ஏற்பாடு இருந்தது, 2021-ல் எடுத்துவிட்டார்கள். விளையாட்டு மெத்தென்று ஆகிவிட்டதாகக் குறைப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முறிவு வெளியிலிருந்து வந்த தண்டனை. கரைதல் அந்தப் பொருளின் ஆயுள். இன்னொன்று, வெளிவந்தபோது கையால் ஒரு குணத்தை ஐந்தாம் படிவரைதான் உயர்த்த முடியும். ஆறும் ஏழும் கண்டெடுத்தால்தான் உண்டு. கண்டெடுத்ததற்கும் செய்ததற்கும் இவ்வளவு நேர்மையாக எல்லை போட்ட விளையாட்டு வேறு எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் ஒரு நெருடல். ஒரு கவசத்தைச் செய்ய நூற்றுக்கணக்கானவற்றை உடைத்துத் தூளாக்க வேண்டியிருக்கிறது. விழுவது அத்தனை ஏராளம் என்பதால், வேண்டாதவற்றைக் கண்ணிலிருந்து மறைக்கும் வடிகட்டியையும் விளையாட்டே தருகிறது. எனக்கு என்ன வேண்டும் என்று அதில் எழுதிவைத்த நாளிலிருந்து தரையில் வேறு என்ன கிடக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் கண்டெடுப்பது என்பதில் இதற்குப் பிறகு என்ன மிச்சம் என்று இந்த விளையாட்டுகளின் ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.