பத்து ஃபார்வர்டு, ஒரு சாட்சி

மதுரையில் கலைஞர் நூலகம் கட்ட, பென்னிகுயிக் வாழ்ந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி 2021-இல் ஜெயமங்கலம் வரை வந்தது. கடைகளில் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் மாவட்டம் இது. கோபத்தில் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

பிறகு அரசு விளக்கம் வந்தது. பென்னிகுயிக் இறந்தது 1911-இல். பொதுப்பணித்துறை ஆவணப்படி அந்தக் கட்டடத்தைக் கட்டத் தொடங்கியதே 1912-இல்தான். அவர் இறந்த வருஷத்தையாவது தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கல.

பத்துப் பேர் அனுப்பியதைப் பத்து சாட்சி என்று எண்ணியதுதான் என் தப்பு. அது ஒரே சாட்சியின் பத்து நகல். அனுப்பியவர் நல்லவர் என்பதும் சாட்சி ஆகாது. அவரும் என்னைப் போல யாரையோ நம்பி அனுப்பியவர்தானே. எனவே, 'யார் அனுப்பினது?' என்பதைவிட, 'இதை முதல்ல சொன்னவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பதே சரி.

அந்த நாலு பேருக்கும் திருத்தம் அனுப்பினேன். அதை யாரும் ஃபார்வர்டு செய்த மாதிரி தெரியல.